குதிரையைச் சும்மா கொடுத்த பேர்லினர்

மட்டக்களப்பில் இருக்கிற மச்சானோடு லீசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் ஒரு ஆட்டம் போகிறது, தபால் ஆட்டம் மாதிரி, ஒரு நகர்வுக்கு மூன்று நாள் தவணை. "கொம்பியூட்டரைப் பார்த்து விளையாட மாட்டானா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) புத்தகம், பழைய ஆட்டங்கள் எல்லாம் பார்க்கலாம், எஞ்சின், அதாவது நகர்வு சொல்லித்தரும் கொம்பியூட்டர் நிரல், மட்டும் கூடாது. சர்வதேச தபால் சதுரங்கக் கூட்டமைப்பில் எஞ்சினுக்கும் அனுமதி உண்டு, அதனால் மேல்மட்டத்தில் பெரும்பாலும் சமநிலைதான். எனக்கு அதில் ருசி இல்லை.

சரி, ஓப்பனிங். அவன் வெள்ளை. நான் இரண்டு குதிரையையும் இறக்கியதும், நாலாவது நகர்விலேயே அவன் குதிரை ஜி5க்குப் பாய்ந்தது, எஃப்7 சிப்பாய்மேல் கண். கத்துக்குட்டி நகர்வு என்று பழைய ஜெர்மன் ஆட்டக்காரர் தாராஷ் இதைத் திட்டியிருக்கிறார், ஆனால் பதில் சொல்வது லேசில்லை. நான் டி5இல் சிப்பாயை வைத்தேன், அவன் அதைச் சிப்பாயால் வெட்டினான். இந்த இடத்தில் எல்லோரும் குதிரையை ஏ5க்கு ஓட்டுவார்கள், நான் சிப்பாயை பி5க்குத் தள்ளினேன்.

காரணம் அமெரிக்க ஆட்டக்காரர் ஹான்ஸ் பேர்லினர். ஐந்தாவது உலகத் தபால் சதுரங்கப் போட்டியில், 1965இல் தொடங்கிய ஆட்டம், பேர்லினருக்குக் கறுப்பு, எதிரே மொஸ்கோவின் எஸ்திரின். அந்த மனிதர் இந்த ஓப்பனிங்கிலேயே ஊறியவர், அவரிடமே போய் இதை விளையாட ஒரு துணிச்சல் வேண்டும். பத்தாவது நகர்வில் கறுப்பு மந்திரிக்கும் அடி, டி4இல் நிற்கிற குதிரைக்கும் அடி. பேர்லினர் இரண்டையும் தொடாமல் சிப்பாயை ஈ4க்குத் தள்ளினார்! குதிரையை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டு, கடைசியில் யானை முடிவாட்டத்தில் 42 நகர்வில் வென்றார். மணிக்கூடு ஓடுகிற மேசையில் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது, வீட்டிலிருந்து ஒவ்வொரு கிளையாகத் தோண்டியிருக்க வேண்டும். தபால் ஆட்டத்தில் ஓப்பனிங் மனப்பாடமில்லை, அசல் வேலையே அதுதான்.

நானும் தோண்டுகிறேன். இரவில் உண்மையான பலகையை விரித்து (ஒரு கறுப்பு மந்திரி தொலைந்துபோய், அந்த இடத்தில் பாணி மருந்துப் போத்தலின் மூடி நிற்கிறது), அது போதாவிட்டால் பின்னேரம் திருகோணமலைக் கோணேசர் கோயில் பக்கம் நடந்து. கோட்டைக்குள் மான்கள் வழியை மறித்து நிற்கும், நான் மனதுக்குள் பி5ஐ எண்ணிக்கொண்டு நிற்பேன்.

மச்சான் மந்திரியால் பி5ஐ வெட்டினால், என் ராணி டி5இல் இறங்கி அந்த மந்திரியையும் ஜி2ஐயும் சேர்த்து மிரட்டும். அவனுக்குச் சரியான பதில், பி5ஐ வெட்டாமல் மந்திரியை எஃப்1க்கே திருப்பி அனுப்புவது. பார்த்தால் பைத்தியக்கார நகர்வு. அவனுக்கு அது தெரியுமா என்பதுதான் இப்போது கேள்வி. வட்ஸ்அப்பில் கல்யாண வீட்டுப் படமாகப் போட்டுத் தள்ளுகிறான், நகர்வை மட்டும் காணோம்.