ஒற்றைக் கால் எரிச்சல்

உள்ளங்கால் எரியுது என்று வாயைத் திறந்தால் போதும், யாராக இருந்தாலும் ஒரே கேள்விதான்: "சுகர் பாத்தீங்களாண்ணே?" பார்த்தாயிற்று. மூன்று மாதச் சராசரி 5.4, நார்மல்தான். அதைக் காட்டிய பிறகும் பில் போடுகிற தம்பி வெந்தயம் ஊற வைத்துக் குடிக்கச் சொல்கிறான்.

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நிற்பவன் நான். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்பதுதான் வேலை. ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். மதியம் வரை ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வலது உள்ளங்கால் காந்த ஆரம்பிக்கும், கட்டை விரல் மரத்துவிடும். படுத்த பிறகு தலையணை மேல் காலைத் தூக்கி வைத்தால்தான் கொஞ்சம் அடங்கும். இடது கால் சமர்த்து.

அதுதான் துப்பு. சர்க்கரையால் நரம்பு கெட்டால் பெரும்பாலும் இரண்டு காலிலும், விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுமாம். எலும்பு டாக்டர் இதைச் சொல்லிக்கொண்டே என் வலது கணுக்காலின் உள்பக்க மொழிக்கு, அதாவது துருத்தி நிற்கிற எலும்புக்கு, பின்னால் விரலால் தட்டினார். கட்டை விரல் வரை சுர்ரென்று கரண்ட் ஓடியது. 1915-லேயே ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. செலவே கிடையாது.

நோயின் பெயர் டார்சல் டனல். அந்த மொழிக்குப் பின்னால் ஒரு குறுகலான பாதை. எலும்பு ஒரு பக்கம், மேலே நார்ப்பட்டை. உள்ளங்காலுக்குப் போகிற நரம்பும், மூன்று தசைநாண்களும், ரத்தக் குழாய்களும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. 1962-ல்தான் கெக், லாம் என்ற இருவர் தனித்தனியே இந்தப் பெயரில் எழுதினார்கள். தட்டைப் பாதம், பழைய எலும்பு முறிவு, உள்ளே ஒரு நீர்க்கட்டி என்று காரணம் எதுவும் இருக்கலாம். எனக்கு வெரிகோஸ். நிற்க நிற்க ரத்தம் கீழே தேங்கி, அந்த இடத்துச் சிரைகள் புடைத்து நரம்பை அழுத்துகின்றன. ஸ்கேனில் புழு மாதிரி நெளிந்து தெரிந்தன. நரம்பு ஓட்டச் சோதனை மட்டும் நார்மல் என்றே வந்தது. நோய் இருந்தும் அப்படி வருவதுண்டாம்.

இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றிருக்கிறார் டாக்டர். செருப்புக்குள் பாதத்தின் குழிவைத் தாங்குகிற மெத்தை, முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங். அதைக் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். துணியிலேயே ஆயுசு கழித்தவனுக்கு அந்த ஒரு துணியை ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. எரிச்சல் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. மரத்தது அப்படியேதான்.

மூன்றாவது அறிவுரை, இடையிடையே உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். எங்கள் தளத்திலும் ஸ்டூல் உண்டு. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையில்லை என்பது சூப்பர்வைசர் கட்சி. டாக்டர் சீட்டைக் காட்டியதிலிருந்து என்னை விட்டுவிட்டார். சுடிதார் பிரிவுப் பிள்ளைகள் இரண்டு பேர், "அண்ணே, அந்தச் சீட்டு எந்த டாக்டர்கிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.