விலங்குகளைப் பற்றி எழுதிச் சன்மானம் பெறுதல்: என் அனுபவம்

நாய், பூனை, ஆடு, மாடு, கோழி ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே என் தொழில். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஃப்ரீலான்ஸ் முறையில் இதைச் செய்துவருகிறேன். இந்த ஒரு துறையை மட்டும் நம்பி எழுத முடியுமா என்று விலங்குகள்மீது பிரியமுள்ள இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால், பணம் கொடுத்து எழுதச் சொல்பவர்கள் நாம் முதலில் தேடிப்போகும் இடங்களில் இருப்பதில்லை. அவர்களை எங்கே கண்டேன், எப்படி அணுகினேன், ஊதியத்தை எவ்வாறு பேசிக்கொண்டேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கத்தில், ஃப்ரீலான்ஸ் வேலை தேடித்தரும் ஃபைவர், அப்வொர்க் போன்ற இணையதளங்களில் கணக்குத் தொடங்கினேன். அங்கே கிடைத்தவை பெரும்பாலும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிப் பொருள் விற்பனையாளர்களுக்கான ஆங்கிலக் கட்டுரைகள். லாப்ரடாருக்கு எந்தத் தீனி ஏற்றது, பூனை ஏன் சோபாவைப் பிறாண்டுகிறது என்பன போன்ற தலைப்புகளில், சொல்லுக்கு இவ்வளவு என்ற மிகக் குறைந்த விலையில் அவற்றைக் கேட்பார்கள். ஃபைவர் தளமோ நாம் ஈட்டும் தொகையில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. இவ்வகைக் கட்டுரைகளை எழுத ஒரு விலங்கை நேரில் பார்த்திருக்க வேண்டிய தேவைகூட இல்லை. ஏற்கெனவே உள்ள கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னொன்றை எழுதினால் போதும். அத்தகைய எழுத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் தந்துவிடுவதால் அதன் விலை மேலும் சரிந்திருக்கிறது. கெடுவுக்குள் முடித்துத் தரும் பழக்கமும், திருத்தச் சொன்னால் முகம் சுளிக்காமல் திருத்தும் பழக்கமும் எனக்கு வந்தது அங்கேதான் என்றாலும், அந்த வழியில் நெடுநாள் செல்ல முடியாது என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது.

எனக்கு நிலையான வேலையை முதலில் தந்தது ஒரு கால்நடை மருத்துவமனை. எங்கள் பகுதியில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிகிச்சை தரும் தனியார் மருத்துவமனை அது. காத்திருக்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருந்த அறிவிப்புகள் எல்லாம் மருந்து நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்தவை. அங்கே அமர்ந்திருந்தவர்களில் பலரோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள். மருத்துவரிடம் இதைச் சொல்லி, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியவற்றைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "நான் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் அனுப்புகிறேன். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது, பிறகு இரவில் தொலைபேசியில் கேட்கிறார்கள். எழுதிக் கொடுங்கள்" என்றார். பேசிய தொகையையும் தாளைப் பார்த்து ஒப்புதல் தந்த அன்றே கொடுத்தார்.

ஒரு பக்கத் தாள்தானே என்று தோன்றலாம். கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்த பெண் நாய்க்குத் தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள்வரை, குளிப்பாட்டக் கூடாது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருக்க வேண்டும். மாடிப்படி ஏறவும் தாவவும் விடக்கூடாது. இவ்வளவையும், பதற்றத்தோடு வீட்டுக்கு வந்த ஒருவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். எந்த அறிகுறியைக் கண்டால் காலைவரை காத்திருக்கலாம், எதைக் கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதை இரண்டு வரியில் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு சொல் பிசகினால் ஓர் உயிருக்குத் தீங்கு நேரும் என்பதால், ஒவ்வொரு வரியையும் மருத்துவர் படித்துக் கையொப்பமிட்ட பிறகே அச்சுக்கு அனுப்புவது என்ற முறையை அன்றே வகுத்துக்கொண்டேன். இன்றுவரை எந்த வாடிக்கையாளருக்காகவும் அதை நான் தளர்த்தியதில்லை.

அந்தத் தாளைத் தொடர்ந்து வேறு பல வந்தன. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்; அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லாததால், சிறு அளவுகூட உயிரைப் பறிக்கக்கூடும். குட்டி நாய்களுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்க வேண்டிய, பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியைத் தள்ளிப்போட்டு, இரத்தக் கழிச்சல் கண்ட பிறகு ஓடிவருகிறார்கள். நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்பையும் மிளகாய்த்தூளையும் வைக்கிறார்கள்; வைக்க வேண்டியது எதுவுமில்லை, ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். இவற்றைத் தெளிவான தமிழில் கேட்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் தொங்கும் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த ஊர் மருத்துவர் அழைத்தார். அவர் வழியாகத் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஓர் அறக்கட்டளை, நன்கொடையாளர்களுக்கான ஆண்டறிக்கையை எழுதச் சொன்னது. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து எனக்குக் கிடைத்த வேலைகளைவிட இப்படிக் கைமாறி வந்தவையே அதிகம்.

செல்லப்பிராணிகளோடு நின்றிருந்தால் என் வருமானம் இன்றுள்ளதில் பாதிகூட இருந்திருக்காது. தமிழ்நாட்டில் விலங்குகளைப் பற்றிய எழுத்துக்குப் பணம் தருபவர்களில் பெரும்பகுதியினர் பால், கோழி, ஆடு, தீவனம் சார்ந்தவர்கள். நாமக்கல் பண்ணைகளையும் காங்கேயம் மாடுகளையும் அருகில் வைத்துக்கொண்டு, நாய்த் தீனியை மட்டுமே எழுதுவேன் என்று ஒருவர் இருந்துவிடுவது பெரிய இழப்பு. தோல் கழலை நோய் இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2022இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் பெருமளவில் மாடுகளைக் கொன்றபோது, இங்குள்ள ஒரு பால் நிறுவனம் தன் உற்பத்தியாளர்களுக்கு ஒரு சிறு கையேடு தேவை என்று கேட்டது. அந்நோய் கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவற்றால் பரவுகிறது, மனிதருக்குத் தொற்றாது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்பவற்றை எழுதுவதோடு, பக்கத்துத் தொழுவத்தில் நோய் வந்தால் அன்றே என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டியிருந்தது.

இதற்கு நான் படிக்க வேண்டியிருந்தது. 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாவட்டங்களில் பயிற்சி மையங்களை நடத்துகிறது. வெள்ளாடு வளர்ப்பு, நாட்டுக்கோழி வளர்ப்பு, கறவை மாட்டுப் பராமரிப்பு ஆகியவற்றில் அங்கே உழவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். எழுத விரும்புபவர் அவற்றில் போய் அமர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். பாடத்தைக் காட்டிலும், பாடம் முடிந்து உழவர்கள் கேட்கும் கேள்விகளில்தான் கட்டுரைகள் கிடைக்கின்றன. ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, கோமாரி ஆகியவற்றுக்கான தடுப்பூசி பற்றி நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, செம்மறி வளர்க்கும் ஒரு மூதாட்டி, "எப்பப் போடோணும்னு எழுது கண்ணு. எதுக்குப் போடோணும்னு எங்களுக்குத் தெரியும்" என்றார். மாதவாரியாக ஒரு நாட்காட்டி வடிவில் என் தடுப்பூசிக் கையேட்டை அமைத்ததற்கு அவரே காரணம். ஒரு தீவன நிறுவனம் அதை விலை கொடுத்து வாங்கி ஆண்டுதோறும் அச்சிடுகிறது.

இதழ்களுக்கு எழுதுவது வேறு வகை. தமிழ் வார, மாத இதழ்கள் பெரும்பாலும் முழுக் கட்டுரையையே கேட்கின்றன. படங்கள் இருந்தால் ஏற்கப்படும் வாய்ப்புக் கூடுகிறது. சன்மானம் பெரிய தொகையாக இராது. ஆனால் பெயர் அச்சில் வருவதால் மற்ற வேலைகள் தேடிவருகின்றன. நான் கண்டவரை, ஆசிரியர் குழுவின் கவனத்தைப் பெறுவது, எடுத்துக்கொண்ட பொருள் குறுகலாகவும் குறிப்பாகவும் இருப்பதே. "நாட்டு நாய்கள்" என்று அனுப்பினால் படிக்கமாட்டார்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாயினங்களுக்காக வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையம் இடம்பெற்றது, சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இடம்பெறவில்லை. அவற்றை வளர்ப்பவர்கள் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தொடங்கினால் உடனே அழைப்பார்கள். நாள்களையும் கவனிக்க வேண்டும். மாட்டுப் பொங்கல், மார்ச் 20 சிட்டுக்குருவி நாள், செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள், தீபாவளி வெடிச்சத்தம் ஆகியவற்றுக்கான கட்டுரைகளை மாத இதழுக்கு இரண்டு மாதங்கள் முன்பே அனுப்பிவிடுவேன். எதிர்பாராமல் வருவனவும் உண்டு. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்து, சில நாள்களிலேயே அதை மாற்றியமைத்தபோது, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை ஏற்கெனவே படித்து வைத்திருந்தவர்களால் மட்டுமே அன்றிரவே எழுதித் தர முடிந்தது.

ஒரு முறை ஓர் இதழ், வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பது எப்படி என்று நல்ல சன்மானத்துக்குக் கட்டுரை கேட்டது. நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அப்படியே. அதை விளக்கி, அந்தக் கட்டுரையை என்னால் எழுத இயலாது, அதற்குப் பதிலாகச் சட்டம் எதைத் தடுக்கிறது, பட்ஜெரிகர் போன்ற எந்த வெளிநாட்டுப் பறவைகளை வளர்க்கலாம், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வைத்திருப்பவர் ஏன் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று எழுதித் தருகிறேன் என மறுமொழி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். விலங்குக்குத் தீங்கு விளைவிக்கும் ஒன்றை எழுத மறுப்பதால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. மாற்றாக எதை எழுதலாம் என்று கையோடு சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர்களுக்கு மோங்காபே இந்தியா போன்ற சூழலியல் செய்தித் தளங்கள் உள்ளன. வெளியார் அனுப்பும் முன்மொழிவுகளை ஏற்று ஊதியம் தருகிறார்கள். இன்டர்நியூஸ் அமைப்பின் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் களச் செய்திகளுக்கு நிதியுதவி அறிவிக்கும். அங்கே முழுக் கட்டுரையை அனுப்பக்கூடாது: என்ன செய்தி, ஏன் இப்போது, யாரிடம் பேசப்போகிறேன் என்று சில பத்திகளில் எழுத வேண்டும். அமெரிக்காவில் நாய்களைப் பற்றி எழுதுபவர்களுக்கென 1935இலேயே ஒரு சங்கமும், பூனைகளைப் பற்றி எழுதுபவர்களுக்கென 1992இல் ஒரு சங்கமும் தோன்றியிருக்கின்றன. ஆண்டுதோறும் போட்டி நடத்திப் பரிசும் தருகிறார்கள். தமிழில் அப்படி ஒன்று வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

இனிப் பணம். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலைக்குச் சொற்கணக்கில் விலை பேசினால், மூல ஆங்கிலத்தின் சொற்களையே எண்ண வேண்டும். வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் ஒட்டிக்கொள்வதால் தமிழில் சொல்லெண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். கையேடுகளுக்குச் சொற்கணக்கே வேண்டாம், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி, பாதித் தொகையை முன்பணமாகப் பெறுகிறேன். எத்தனை முறை திருத்தித் தருவேன் என்பதையும் மின்னஞ்சலில் எழுதிவிடுகிறேன். நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 விழுக்காட்டை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, என்று பிடித்துக்கொண்டு தந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் அது வருமான வரித் துறையின் இணையதளத்தில் நம் கணக்கில் தெரியும், கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பணம் தாமதித்தால் எழுதச் சொன்னவரிடமே கேட்டுக்கொண்டிராமல் கணக்குப் பிரிவின் முகவரியைப் பெற்று, இன்வாய்ஸ் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் பெரும்பாலும் நகர்கிறது.

எழுத்தின் உரிமையைப் பற்றி இங்கே பலரும் கேட்பதேயில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்துவடிவில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். ஆகவே ஒப்பந்தம் வந்தவுடன் நான் முதலில் படிப்பது அந்தப் பத்தியைத்தான். மருத்துவமனைக் கையேடுகளை எழுதிக் கொடுக்கும்போது, அந்த மருத்துவமனையின் பெயரில் அச்சிட்டுக்கொள்ளும் உரிமையை மட்டும் தந்து, உரையை வேறிடத்தில் பயன்படுத்தும் உரிமையை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். நாட்காட்டிக் கையேட்டுக்கும் அவ்வாறே ஒப்பந்தம் செய்திருப்பதால், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் தனித்தனியாக அதை விரித்து எழுதி, வேறோர் உழவர் கூட்டமைப்புக்குக் கொடுக்கும் வேலையில் இப்போது இருக்கிறேன்.