நாமக்கல்காரனும் ஒரு கட்டமரானும்

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். அங்கே கோழிப்பண்ணை உண்டு, லாரி உண்டு, ஆஞ்சநேயர் உண்டு. கடல் மட்டும் கிடையாது. மலேசியாவில் பினாங்குக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகியும், பாலத்தில் போகும்போது கார் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொள்வதோடு சரி. நீச்சலா? சின்ன வயதில் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிய அன்றைக்கே அப்பாவுக்கு என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

அப்படிப்பட்ட என்னைத்தான் போன ஜனவரியில் அண்ணன் கூப்பிட்டார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை, என் பழைய மேனேஜர். சுங்கைப் பட்டாணியில் பிறந்து வளர்ந்த தமிழர். ஓய்வு பெற்ற கையோடு, அண்ணி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பிரான்சில் கட்டிய பழைய பாய்மரக் கட்டமரான் ஒன்றை வாங்கிவிட்டார். 38 அடி நீளம், 21 அடி அகலம், வயது இருபதுக்கு மேல். லங்காவியை ஒட்டிய ரெபாக் தீவு மரினாவில், அதாவது படகு நிறுத்தும் துறையில், நிறுத்தியிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை வந்துடு தம்பி. மூணு நாள். பாயை விரிச்சு லங்காவியை ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். வாடைக்காத்து நல்லா இருக்கு, கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கு."

நானும் மனைவியும் கோலக் கெடாவில் பெர்ரி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். அவள் கையில் புளிசாதம், என் கையில் வாந்தி மாத்திரை. படகில் அண்ணன் அரைக்கால் சட்டையோடு, தோளில் மலைப்பாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் குழாயைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா? நல்ல வேளை. டாய்லெட் அடைச்சுக்கிச்சு."

"எந்த டாய்லெட் அண்ணே?"

"இடது பக்கத்துது."

கட்டமரானுக்கு உடம்பே இரண்டு. எஞ்சின் இரண்டு, சுக்கான் இரண்டு, டாய்லெட் இரண்டு. அடியில் சிப்பி மாதிரி ஒட்டுகிற கொட்டலசைச் சுரண்டுவதும், அது ஒட்டாமல் இருக்கப் பெயிண்ட் அடிப்பதும் இரண்டு தடவை. பல மரினாக்களில் வாடகை மட்டும் ஒன்றரை மடங்கோடு விட்டுவிடுகிறார்களாம், அந்த மட்டும் கருணை. இரட்டைப் பிள்ளை வளர்க்கிற மாதிரிதான் தம்பி, ஒண்ணுக்குச் சளி பிடிச்சா நாலு நாள்ல அடுத்ததுக்கும் பிடிச்சிடும் என்றார் அண்ணன்.

அடைப்புக்குக் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. இந்த டாய்லெட்டைக் கடல் தண்ணீரால் அலசுகிறார்கள். உப்புத் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பாகப் படிந்துகொண்டே வரும். அண்ணன் கழற்றி வைத்திருந்த குழாய்க்குள் கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரல்கூடப் போகவில்லை. அந்தப் பக்கம் போனது இந்தப் பக்கம் திரும்பாமல் தடுக்க, வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. அதுவும் சுண்ணாம்பில் விறைத்து, அலகைத் திறந்தபடியே செத்துப்போயிருந்தது. அதை வினிகரில் ஊறப் போட்டோம். மனைவி எட்டிப் பார்த்து, "ஊறுகாயா போடுறீங்க?" என்றாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

குழாய்க்கு வினிகர் எல்லாம் ஆகாது. ஊரில் போர்வையைத் துவைகல்லில் அடிப்போமே, அதே மாதிரி மரினாவின் கான்கிரீட் தரையில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும். அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருந்து வெள்ளைச் செதில் ஒரு கைப்பிடி உதிர்ந்தது. வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ப் படகில் இருந்து ஒரு பிரெஞ்சுக்காரப் பெரியவர் வந்தார். வெயிலில் கருவாடாகிப் போன உடம்பு. பாதி உலகத்தைப் பாயிலேயே சுற்றியவர் என்று அண்ணன் காதைக் கடித்தார். பெரியவர் என்னிடம், நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன். கையில் இருந்த பீர் கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"கட்டமரான் உங்கள் சொல் அல்லவா!"

ஆமாம் என்று தலையாட்டியதுதான் நான் செய்த தப்பு. அதற்கப்புறம் அவர் பார்வையில் நான் குழாய் அடிக்கிறவன் இல்லை, மூவாயிரம் வருடக் கடல் மரபின் வாரிசு. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி இவ்வளவு இறுக்கம் போதுமா என்று என்னைக் கேட்டார். நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்டார். வானத்தைப் பார்த்து, "ம்ம்ம்" என்றேன். திருப்தியாகப் போனார்.

ராத்திரி குற்ற உணர்ச்சியில் போனை எடுத்துத் தேடினேன். நம் கட்டுமரம் என்பது மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிய ஒற்றைத் தெப்பம். டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்து எழுதிய பயணக் குறிப்பு 1697இல் அச்சானது. இரண்டு உடம்பை நடுவில் பலகை போட்டு இணைக்கிற வித்தை பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் நம்முடையது, சாமான் அவர்களுடையது. இதைப் பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்றேன். "சொல்லாத லா. அவர்கிட்ட நல்ல டிரில் மெஷின் இருக்கு, கேட்டா குடுக்கிறார்" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒருவழியாகக் கிளம்பினோம். பாயை ஏற்றி எஞ்சினை நிறுத்தினார் அண்ணன். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சத்தமே இல்லை, அடியில் தண்ணீர் உரசும் ஓசை மட்டும். ஒற்றை உடம்புப் பாய்ப்படகு மாதிரி இது ஒருபக்கமாகச் சாயாது. மேசையில் வைத்த டீ டம்ளர் வைத்த இடத்திலேயே நின்றது. முன்னால் இரண்டு மூக்குக்கும் நடுவே கட்டியிருக்கும் வலையில் மனைவி காலை நீட்டிப் படுத்துவிட்டாள். லங்காவிக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்கிற கழுகுகள் தலைக்கு மேலே வட்டமிட்டன.

தூரத்தில் போன பெர்ரியின் அலை வந்து படகின் நடு வயிற்றில் கீழிருந்து "டமார்" என்று அறைந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க, யாரோ கதவைத் தட்டுறாங்க."

அதே அலையில் படகின் பின்னால் தொங்கிய ரப்பர் தோணி பெண்டுலம் மாதிரி ஆட ஆரம்பித்தது. அண்ணன் கட்டியிருந்த கயிறு தளர்ந்துவிட்டது. "பிடி, பிடி!" என்று கத்துகிறார், சுக்கானை விட்டு வர முடியாமல். எனக்கு என்ன தெரியும்? கை தானாக வேலை செய்தது. அப்பா லாரி ஓட்டியவர். தார்ப்பாய் கட்டும்போது கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குப் போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் மாட்டித் திருப்பி, அந்தச் சுருக்குக்குள் விட்டு, உடம்பு எடையைப் போட்டு இழுப்பார். கப்பி வைத்து இழுத்த மாதிரி கயிறு விறைத்து நிற்கும். மதுரை வரைக்கும் தளராது. அதையே போட்டேன். தோணி மூச்சு விடாமல் நின்றது.

அன்று ராத்திரி தாயாங் புந்திங் தீவுப் பக்கம் நங்கூரம். நல்ல தூக்கம்.

ஞாயிறு காலை கிளம்பின ஐந்தாவது நிமிடம் இடது எஞ்சினில் அலாரம். உள்ளே எட்டிப் பார்த்தால் சூடு முகத்தில் அடித்தது. அண்ணன் கண்ணாடி மாட்டிக் குதித்து, எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளையில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். தே ஐஸ், அதாவது ஐஸ் டீ, கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் பை, தூக்கிப் பிடிக்கிற கயிறோடு. தண்ணீர் வராமல் சுற்றிய பம்பின் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழில் மூன்று பிய்ந்து போயிருந்தது. பிய்ந்தவை அத்தனையும் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குழாயை அடைக்கும். இரண்டு கிடைத்தது. மூன்றாவதைத் தேடி ஒரு மணி நேரம் தலைகீழாகக் கிடந்தோம். மாற்றுச் சக்கரம் இருக்கிறது என்று பெருமையாக எடுத்துவந்தார் அண்ணன். 'உங்க எஞ்சினுக்கு இதுதான்' என்று சத்தியம் செய்து விற்றிருக்கிறார் கடைக்காரர். பொருந்தவில்லை.

காற்றும் செத்துப்போனது. ஒற்றை மாடு பூட்டின வண்டியாகத் திரும்பினோம். மெதுவாக முன்னே போனால் படகு இடது பக்கம் இழுக்கிறது, நிறுத்துவதற்காக ரிவர்ஸ் போட்டால் முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொள்கிறது. மரினாவுக்குள் எப்படி நுழைந்தோம் என்று அண்ணனுக்கே தெரியாது. கரையில் கயிறு வாங்கிக் கட்டியவர் அதே பிரெஞ்சுப் பெரியவர்தான்.

அவர் கண் நேராகத் தோணியில் போய் நின்றது. கயிற்றை வீணைத் தந்தி மாதிரி சுண்டினார். "டங்" என்றது.

"இதை யார் கட்டியது?"

அண்ணன் என்னைக் காட்டினார்.

பெரியவர் முகத்தில் பக்தி பரவியது. அவிழ்த்துக் காட்டச் சொன்னார், மறுபடி கட்டச் சொன்னார், போனில் படம் பிடித்தார். இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "லாரி முடிச்சு" என்றேன். சட்டைப்பையில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, உச்சரிப்பை இரண்டு முறை கேட்டு, எழுதிக்கொண்டார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பெரியவர் அந்த வரிசையில் நாலு படகுக்காரர்களுக்கு அந்த முடிச்சைச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். பழங்காலத் தமிழ் மாலுமிகள் போட்டதாம்.

"அது கிடக்கட்டும்" என்றார் அண்ணன். "இந்தச் சனிக்கிழமை வர்றியா? வலது பக்கத்து டாய்லெட்..."