வேலைக்கு ஒரு கணினி, பழைய டிஸ்க்குக்கு ஒரு கணினி

குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும், அலமாரியில் கிடக்கும் ஃப்ளாப்பி, பழைய ஹார்ட் டிஸ்க், கல்யாண விசிடி எல்லாவற்றையும் அதிலேயே படித்துவிடவும் வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கப் பார்த்தால் செலவும் எகிறும், வேலையும் நடக்காது. இப்போது வரும் மதர்போர்டுகளில் ஃப்ளாப்பிக்கு சாக்கெட்டே கிடையாது, பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் ஐடிஇ சாக்கெட்டும் போய்விட்டது. அதனால் அன்றாட வேலைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கணினி, பழைய டிஸ்க்குகளுக்கு மட்டும் காயலான் கடை விலையில் கோர் 2 டுவோ காலத்துப் பழைய கணினி ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினியின் விலை வராது.

முதலில் வேலைக்கான கணினி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8-ம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். இதனால் 6, 7-ம் தலைமுறை ஐ5 போட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் கம்பெனிகளிலிருந்து கழிக்கப்பட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்கின்றன. விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் ஐ5-6500 அல்லது 7500 தாராளம். விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து ஐ5-8500 உள்ள ஆப்டிபிளெக்ஸ் 3060 அல்லது எலைட்டெஸ்க் 800 ஜி4 பக்கம் போகலாம். அதில் 6 கோர். 6-ம் தலைமுறைக் கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். பெரிய அப்டேட் வரும்போது சிக்கினால் அவர் வரமாட்டார்.

மாடல் எண்ணைக் கவனியுங்கள். ஆப்டிபிளெக்ஸ் 3040-ம் 7040-ம் ஒரே தலைமுறைதான். ஆனால் 3040 டிடிஆர்3எல் ராம் எடுக்கும், 7040 டிடிஆர்4 எடுக்கும். நாளைக்கு ராம் கூட்டும்போது இந்த வித்தியாசம் கடிக்கும். டவர், அதைவிடச் சின்ன எஸ்எஃப்எஃப், எல்லாவற்றிலும் சின்ன மைக்ரோ என மூன்று அளவு கிடைக்கும். மேசையில் இடம் இருந்தால் டவர் எடுங்கள். எஸ்எஃப்எஃப்-ல் உயரம் குறைந்த கார்டுகள் மட்டும்தான் நுழையும். டெல், ஹெச்பி இரண்டிலும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-ன் கனெக்டர் அவரவர் சொந்த வடிவம். போய்விட்டால் அதே மாடல் எஸ்எம்பிஎஸ்-ஐத்தான் தேட வேண்டும், கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் வகை பொருந்தாது.

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேறு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். தேதி 2015, 2016 என்று பின்னால் நின்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி காலி. அது சில்லறைச் செலவு, பயப்பட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் போட்டுத் தந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் இரண்டு வரிகள் முக்கியம்: ரீஅலோகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), கரன்ட் பெண்டிங் செக்டார் (படிக்கச் சிரமப்படும் இடங்கள்). இரண்டும் பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்குக்கு மதிப்பே கிடையாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை நம்பாதீர்கள், அதை அழித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் இல்லாமல் வாங்கிப் புது சாட்டா (ஐடிஇ-க்கு அடுத்து வந்த இணைப்பு) எஸ்எஸ்டி போடுவதுதான் புத்திசாலித்தனம். பழைய கணினியை வேகமாக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ராம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு சேனலிலும் ராம் இருந்தால் அந்த வேகம் கண்ணுக்கே தெரியும். வாங்கிய அன்று ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டிவிட்டுத் தூங்குங்கள், ஒரு சிவப்பு வரி வந்தாலும் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். ப்ராசஸர் மேல் உள்ள ஹீட்சிங்கைக் கழற்றிக் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, சின்னப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினால் ஃபேன் இரைச்சல் பாதி அடங்கும்.

இனி இரண்டாவது கணினி. தேட வேண்டியது இன்டெல் ஜி31 அல்லது ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு. இதோடு பெரும்பாலும் வருவது ஐசிஎச்7 என்ற சிப். ஐடிஇ-யை நேரடியாகத் தாங்கிய கடைசி வரிசை அதுதான், ஐசிஎச்8-லிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. அதே போர்டில் சாட்டா இருக்கும், யூஎஸ்பி 2.0 இருக்கும், பல போர்டுகளில் 34 பின் ஃப்ளாப்பி சாக்கெட்டும் இருக்கும். பழையதும் புதியதும் ஒரே போர்டில் கிடைக்கும் காலகட்டம் இது. பென்டியம் டூயல் கோர் ஈ5300 போதும், 2 ஜிபி ராம் போதும். இவை 64 பிட் ப்ராசஸர்கள் என்பதால் இன்றைய டெபியன் லினக்ஸ் ஏறும். கேபினட்டைத் திறந்து 40 பின் ஐடிஇ சாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதைவிடச் சற்றுக் குட்டையாக இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜி41-ல் டிடிஆர்3 போட்ட சில போர்டுகளில் அது இருக்காது. ப்ராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அந்த போர்டு வேண்டாம்.

ஃப்ளாப்பி டிரைவை மாட்டுவதில்தான் இப்போதைய ஆட்கள் தடுமாறுகிறார்கள். கேபிளில் ஏழு வயர்கள் முறுக்கி விடப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால் உள்ள முனையில் மாட்டினால் அது ஏ டிரைவ். சிவப்புக் கோடு பின் 1 பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஆன் செய்த நொடியிலிருந்து டிரைவ் விளக்கு அணையாமல் எரியும். அதில் எதுவும் எரிந்துபோகாது, திருப்பி மாட்டினால் சரி. ஆனால் மின்சாரத்துக்கான சின்ன நாலு பின் கனெக்டரில் விளையாடாதீர்கள். அதை ஒரு பின் தள்ளியோ தலைகீழாகவோ அழுத்திவிட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிரைவ் கருகிவிடும். மாட்டிய பின் பயாஸில் ஃப்ளாப்பி கன்ட்ரோலரை எனேபிள் செய்து, 1.44 எம்பி, 3.5 அங்குலம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் ஃப்ளாப்பிக்கான டிரைவர் மாட்யூல் தானாக ஏறாவிட்டால் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் போதாதா என்றால், நல்ல நிலையில் உள்ள 1.44 எம்பி, 720 கேபி டிஸ்க்குகளுக்குப் போதும். 5.25 அங்குல டிஸ்க்குக்கு வழியே இல்லை. ஒரு ட்ராக்குக்கு 21 செக்டார் என்று நெருக்கி எழுதிய மைக்ரோசாஃப்ட் இன்ஸ்டால் டிஸ்க்குகளையும் பெரும்பாலும் படிக்காது. அந்த 1.44 என்பதே ஒரு குளறுபடிக் கணக்கு. 80 ட்ராக், 2 பக்கம், 18 செக்டார், செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 14,74,560 பைட். அதை ஒருமுறை 1024-ஆலும் இன்னொருமுறை 1000-ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும்.

டிஸ்க்கை டிரைவுக்குள் விடும் முன் உலோக மூடியை விலக்கி, நடுச் சக்கரத்தைச் சுற்றியபடி படலத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சென்னை, கொழும்பு மாதிரி ஈரக்காற்று ஊர்களில் இருந்த டிஸ்க்குகளில் பூஞ்சை சாதாரணம், சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தெரியும். அப்படியே உள்ளே விட்டால் அந்த டிஸ்க்கும் போகும், ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்து வரும் நல்ல டிஸ்க்கையும் கீறும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் போடுங்கள். ஹெட்டையும் அப்படியே துடைக்கலாம், மேல் ஹெட்டை மட்டும் அதிகம் தூக்காதீர்கள். 3.5 அங்குல டிஸ்க்கில் ஓட்டை திறந்திருந்தால்தான் எழுத முடியாது. 5.25-ல் நேர்மாறு, பக்கவாட்டு வெட்டை மூடினால்தான் பாதுகாப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஃபைல்களை ஒவ்வொன்றாக இழுத்து நகலெடுப்பது கெட்ட பழக்கம். முழு டிஸ்க்கையும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து இமேஜாக (ஒரே ஃபைலில் அச்சு அசல் நகலாக) எடுங்கள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களை நோண்டாமல் தாண்டிப் போகச் சொல்லி, சுலபமாக வருவதை எல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் விடுபட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லலாம். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அது மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். இதில் ஒரு லாபம் உண்டு: ஃப்ளாப்பி டிரைவுகளின் ஹெட் அலைன்மென்ட் ஒன்றுக்கொன்று லேசாக மாறும், ஒரு டிரைவில் படிக்காத செக்டார் இன்னொன்றில் படிக்கும். அதே மேப் ஃபைலை வைத்து வேறு டிரைவில் தொடர்ந்தால் ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபடும். இரண்டு மூன்று பழைய டிரைவுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஒரு டிஸ்க்கை எடுத்து இன்னொன்றைப் போட்டும் பழைய டிஸ்க்கின் பட்டியலே தெரிகிறது என்றால், டிஸ்க் மாறியதைச் சொல்லும் 34-ம் பின் வேலை செய்யவில்லை. அந்த நிலையில் எதையாவது எழுதினால் புது டிஸ்க்கின் மேல் பழைய பட்டியல் ஏறி அது கெட்டுவிடும்.

ஐடிஇ ஹார்ட் டிஸ்க் இதைவிட சுலபம். 80 வயர் கேபிளில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிஸ்க்). ஒரே கேபிளில் இரண்டையும் மாஸ்டர் என்று ஜம்பர் (டிஸ்க்கின் பின்களை இணைக்கும் சின்ன மூடி) போட்டால் எதுவும் தெரியாது. பழைய வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கைத் தனியாக மாட்டும்போது ஜம்பரே போடக்கூடாது, லேபிளில் படம் இருக்கும். 80 ஜிபி டிஸ்க் 32 ஜிபி என்று காட்டினால் கொள்ளளவைக் குறைக்கும் ஜம்பர் இன்னும் அதில் இருக்கிறது. யூஎஸ்பி அடாப்டரில் மாட்டுவதானால் ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். 90-களின் தொடக்கத்து டிஸ்க்குகள் சில அடாப்டரில் எழும்பவே எழும்பாது. அடாப்டர்கள் எல்பிஏ என்ற தொடர் எண் முறையில் மட்டுமே பேசும், அந்த டிஸ்க்குகளுக்கு சிலிண்டர்-ஹெட்-செக்டார் கணக்குதான் தெரியும். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஃப்ரீசரில் வைத்தால் வேலை செய்யும் என்று சொல்வதைக் கேட்டு வைத்தால் உள்ளே ஈரம் படிந்து இருந்ததும் போகும்.

ஃப்ளாப்பி மாதிரியே இருந்து அதைவிட அதிகம் கொள்ளும் ஸிப் டிஸ்க் அபூர்வம்தான், ஆனால் கைக்கு வந்தால் அங்கேயும் அந்த டக் டக்குக்குப் பயப்படுங்கள். விளிம்பு கிழிந்த ஒரு டிஸ்க் டிரைவின் ஹெட்டைக் கெடுக்கும், கெட்ட ஹெட் அடுத்த டிஸ்க்கைக் கெடுக்கும்.

நம் வீடுகளில் ஃப்ளாப்பியைவிட அதிகம் இருப்பது கல்யாண விசிடி. அதை எக்ஸ்புளோரரில் திறந்து, எம்பெக்ஏவி ஃபோல்டரில் உள்ள டாட் (.dat) ஃபைலை நகலெடுக்கப் பார்த்து, பாதியில் பிழை வந்ததும் சிடி போச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். பல நேரம் சிடி போகவில்லை. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாரில் 2048 பைட் தகவல், மீதியில் பிழை திருத்தும் குறியீடு. விசிடியில் வீடியோவுக்கு இடம் கூட்டுவதற்காக அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு 2324 பைட் தகவல் வைத்தார்கள். சின்னக் கீறலை பிளேயர் ஒரு கட்டக் குலுக்கலோடு தாண்டிவிடும், நகலெடுக்கும் விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும். இதே காரணத்தால் விசிடியை ஐஎஸ்ஓ இமேஜாக எடுக்க முடியாது, 2352 பைட்டையும் அப்படியே எடுக்கும் பின்-கியூ (.bin, .cue) இமேஜ்தான் சரி. விசிடிஇமேஜர் மென்பொருளில் உள்ள விசிடிஎக்ஸ்ரிப் வீடியோவை எம்பெக் ஃபைலாகப் பிரித்துத் தரும். அது 352×288 அளவுள்ள எம்பெக்-1 படம். அதை அப்படியே வைத்திருங்கள், பெரிதாக்கி மறு என்கோடு செய்தால் தெளிவு கூடாது.

பதிவு செய்த சிடிக்கு ஆபத்து பளபளக்கும் பக்கத்தில் இல்லை, லேபிள் பக்கத்தில். தகவல் படலம் அந்த மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது, ஸ்டிக்கரைப் பிய்த்தால் படலமும் கூடவே வரும். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளைகள் தெரிந்துவிடும். அடிப்பக்கக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம், மேல்பக்கக் கீறலுக்கு மருந்து இல்லை. ஃபைனலைஸ் செய்யாத (பதிவை முடித்து மூடாத) சிடியை வெறும் ரீடர் படிக்காது, ரைட்டரில் போட்டுப் பாருங்கள். சாட்டா டிவிடி ரைட்டர்கள் எடைக்கு வருவதில் இரண்டை வாங்கி வைத்தால் ஃப்ளாப்பிக்குச் சொன்ன அதே மேப் ஃபைல் உத்தி டேட்டா சிடிகளுக்கும் பலிக்கும்.

இவ்வளவும் செய்து ஃபைல் கைக்கு வந்த பிறகு, திறந்தால் தமிழ் இருக்காது. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை அவை. ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்து, நடுநடுவே அரைப்புள்ளி அளவுக்கு மீறி வந்தால் அது பாமினி என்ற பழைய ஃபாண்ட். அதில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த ஊர்களிலிருந்தும் வந்த டிஸ்க்குகளில் பெரும்பாலும் இதுதான். தலையில் கோடும் குறியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி, அல்லது 1999-ல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய டாப், டாம் என்ற எழுத்துக் குறியீடுகள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இவற்றை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றும். முழு ஆவணத்தையும் ஒரே தட்டில் மாற்றாதீர்கள். பாமினி ஆவணத்தில் இடையே வரும் நிஜ ஆங்கிலச் சொற்களும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். லிப்ரேஆபீஸில் திறந்து, எந்தப் பகுதிக்கு எந்த ஃபாண்ட் என்று பார்த்துத் தமிழ்ப் பகுதிகளை மட்டும் மாற்ற வேண்டும். அச்சகத்திலிருந்து வந்த பேஜ்மேக்கர் ஃபைல்களையும் லிப்ரேஆபீஸ் திறக்கும். பக்க அமைப்பு குலைந்தாலும் உரையை எடுத்துவிடலாம்.

மாற்றிய பின் ஔகாரத்தைத் தனியாகச் சோதியுங்கள். பழைய ஃபாண்டுகளில் அதன் பின்பாதியும் ளகரமும் ஒரே எழுத்து என்பதால் கௌரவம், மௌனம், பௌர்ணமி எல்லாம் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. மொத்தமாக மாற்றச் சொன்னால் வெள்ளமும் தெளிவும் கெட்டுவிடும். ஒற்றைக்கொம்புக்கு அடுத்து வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.