7 கிலோ முயலை வீட்டில் வைத்திருப்பது

பிளெமிஷ் ஜெயன்ட் என்பது 6, 7 கிலோ வரை வளரும் ராட்சத முயல் இனம். "ஒரிஜினல் பிளெமிஷ் ஜெயன்ட், ஜோடி ரெடி" என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் குட்டிகளில் பல, நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்ற வேறு முயல் இனங்கள் கலந்தவை. அவை நல்ல முயல்கள்தான், ஆனால் ராட்சத முயல்கள் அல்ல. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையம் 'ஒயிட் ஜெயன்ட்' என்ற இனத்தை வளர்க்கிறது. நம் ஊரில் அந்தப் பெயர் அங்கிருந்துதான் பரவலாகத் தெரியும். நன்றாக வளர்ந்த ஒயிட் ஜெயன்ட் 4, 4.5 கிலோ வரும். ஜெயன்ட் என்பது பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நிஜமான பிளெமிஷ் ஜெயன்ட் பெல்ஜியத்தின் கெண்ட் நகரை ஒட்டிய பகுதியில் உருவான இனம். அதற்கு 1893-இல் தர விதிகள் எழுதினார்கள். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் விதிப்படி வளர்ந்த ஆண் குறைந்தது 13 பவுண்டு, அதாவது 5.9 கிலோ இருக்க வேண்டும். பெண் 14 பவுண்டு, 6.4 கிலோ. மேல் வரம்பு கிடையாது. கறுப்பு, நீலம், மஞ்சள்பழுப்பு, மணல் நிறம், இளஞ்சாம்பல், எஃகுச் சாம்பல், வெள்ளை என ஏழு நிறங்களை ஏற்கிறார்கள். ஐரோப்பாவில் கான்டினென்டல் ஜெயன்ட் என்று சொல்லப்படுவது இதற்கு நெருங்கிய உறவு. 2010 ஏப்ரலில் கின்னஸ் அளந்த டேரியஸ் என்ற முயல் அந்த இனம், நீளம் 129 சென்டிமீட்டர். இவை போக ஜெர்மன் ஜெயன்ட், ஸ்பானிஷ் ஜெயன்ட், செக்கர்ட் ஜெயன்ட், காது தொங்கும் பிரெஞ்சு லாப் எல்லாம் உண்டு. வளர்ப்பு முறையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் பிளெமிஷை வைத்தே பேசுவோம்.

குட்டியின் எடையைப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டு வார வயதில் நியூசிலாந்து வெள்ளைக் குட்டியும் பிளெமிஷ் குட்டியும் தராசில் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். கறி இனம் சதையை முதலில் போடும், ராட்சத இனம் எலும்பை முதலில் வளர்க்கும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தெரியும். நியூசிலாந்து வெள்ளை ஐந்தாறு மாதத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். பிளெமிஷ் ஒரு வயதைத் தாண்டியும், சில ஒன்றரை வயது வரையும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே குட்டியை விட்டுவிட்டுத் தாயையும் தகப்பனையும் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சாக்குப் பையில் முயலை உட்காரவைத்து, லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டால் இரண்டு நிமிட வேலை. "இப்போ கர்ப்பமா இருக்கு, தூக்கக் கூடாது" என்றால் ஆணைக் காட்டட்டும். இரண்டையும் காட்டவில்லை என்றால் கலப்புக் குட்டிக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

கறிக்காக வளர்க்க நினைத்து இந்த இனத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். எலும்பு அதிகம், வளர்ச்சி மெதுவாக, தீனி ஏராளம். உலகம் முழுக்கக் கறிப் பண்ணைகள் நியூசிலாந்து வெள்ளையையும் கலிஃபோர்னியனையும் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தரைதான் முதல் செலவு

நம் ஊர் முயல் பண்ணைகளில் கம்பிவலை அடித்தளம்தான் வழக்கம். புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவ வேண்டியதில்லை. 2 கிலோ முயல் அதில் ஓரளவு தாக்குப் பிடிக்கும். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தைச் சதை கிடையாது, தோலும் முடியும்தான். 7 கிலோ எடை கம்பியின் மெல்லிய கோட்டில் அழுத்தும்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். பின்னங்கால் குதிகாலில் முடி உதிர்ந்து, சிவந்து, வெடித்து, கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். எலும்பு வரை போய்விட்டால் மீட்பது கடினம். ஈரமான சிமென்ட் தரையும் இதே வேலையைச் செய்யும். மூத்திரம் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் கிழியும்.

வாரத்துக்கு ஒருமுறை முயலை மடியில் சாய்த்துப் பின்னங்கால் குதியில் முடியை விலக்கிப் பாருங்கள். நகக்கண் அளவுக்கு வழுக்கையாக, காய்ந்து, வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் பெரிய உடம்புக்கு அது சகஜம். பளபளவென்று சிவந்திருந்தால் அன்றே தரையை மாற்றுங்கள். பொருக்கு கட்டியிருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வழவழ டைல்ஸ் இதற்கு நேர் எதிரான தொல்லை. கால் சறுக்கிச் சறுக்கி, வளரும் குட்டிக்கு இடுப்பு மூட்டு விலகும். டைல்ஸ் மேல் கோரைப்பாய் போட்டு, அதன் மேல் பருத்தி ஜமுக்காளம் விரிப்பது நல்ல ஏற்பாடு. கோரையைக் கடித்துத் தின்னும், தின்னட்டும். பிளாஸ்டிக் பாய், ரப்பர் மேட், பஞ்சு ஷீட் இவற்றைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். துண்டுகள் குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

இடம் என்று கேட்டால், பிரிட்டனின் முயல் நல அமைப்பு சாதாரண முயல் ஜோடிக்கே 3 மீட்டருக்கு 2 மீட்டர் சொல்கிறது. பிளெமிஷுக்கு அதுதான் ஆரம்பம். கடையில் கிடைக்கும் முயல் கூண்டு எதுவும் பத்தாது. பெரிய நாய்க்கான கூண்டைத் தூங்குமிடமாகத் திறந்து வைத்து, ஓர் அறையையோ வலையடித்த வராண்டாவையோ விட்டுக்கொடுக்க வேண்டும். பூனைக்கான மணல் தட்டில் முன்னங்கால் உள்ளே, பின்பக்கம் வெளியே என்று நின்று தரையில் மூத்திரம் போகும். கட்டிலுக்கடியில் தள்ளும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, ஒரு பக்கச் சுவரை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அடியில் செய்தித்தாள், மேலே காய்ந்த புல். புல்லைத் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கம் முயலுக்கு இயல்பு, அதனால் தீவனத் தட்டியைப் பெட்டிக்கு மேலேயே மாட்டினால் பழக்குவது பாதி முடிந்தது.

தூக்குவது பற்றிச் சுருக்கமாக: காதைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பிட்டத்தை முழுதாகத் தாங்க வேண்டும், உடம்பு உங்கள் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். முயலின் பின்கால் தசை வலிமையானது, முதுகெலும்போ மெலிது. பின்பகுதி தொங்கிய நிலையில் ஓர் உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்டு பின்கால் செயலிழந்துவிடும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்து கொஞ்சட்டும், தூக்க வேண்டாம்.

வெயில்

பிளெமிஷ் குளிர்நாட்டு முயல். முயலுக்கு வியர்க்காது. காதின் ரத்தநாளங்கள் வழியாகவும் வேகமான மூச்சு வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். உடம்பு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தோல் பரப்பு குறைகிறது, ஆகவே சின்ன முயல் தாங்கும் வெப்பத்தைப் பெரிய முயல் தாங்காது. 10 முதல் 20 டிகிரி அதற்குச் சுகம். 28-ஐத் தாண்டினால் நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். சென்னையில் மே மாதம் பல நாள் இரவிலேயே அதற்குக் கீழே இறங்குவதில்லை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசிகள் அதிகம் கவலைப்பட வேண்டாம். சமவெளியில் கோடையில் ஏசி அறை இல்லாமல் பிளெமிஷ் வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் விற்கத்தான் சொல்கிறார்கள்.

ஏசியை 24, 25-இல் வைத்தால் போதும். கடலோர ஊர்களில் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் உதவாது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தை ஏற்றி மூக்கு நோயைக் கொண்டுவரும். மின்வெட்டுக்கு முன்னேற்பாடாக 2 லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீரை உறையவைத்து ஃப்ரீசரில் வைத்திருங்கள். மெல்லிய துண்டு சுற்றி இரண்டை முயல் பக்கத்தில் வைத்தால் அதுவாகச் சாய்ந்துகொள்ளும். அவை உருகும்போது அடுத்த இரண்டு. நிழலில் கிடக்கும் ஒரு கடப்பா கல் இன்னும் எளிது, பகலில் முயல் அதன் மேல்தான் வயிற்றை ஒட்டிப் படுக்கும்.

நாசி படபடவென்று துடிப்பது, காது சூடாகச் சிவப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கும் மோவாயும் நனைந்திருப்பது: இந்த வரிசையில் நிலைமை மோசமாகும். சாதாரண உடல் வெப்பம் 38.5-இலிருந்து 40 டிகிரி வரை. காதுகளைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, மின்விசிறிக்கு முன் வைத்து, மருத்துவரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுப்பது அதிர்ச்சியிலேயே கொன்றுவிடும்.

தீனி

காரட் தின்னும் முயல் கார்ட்டூனில்தான். காரட் சர்க்கரை, வாரம் இரண்டு துண்டு போதும். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் அதைத் தேய்ப்பதும் புல்தான், குடலை ஓடவைப்பதும் புல்தான். 7 கிலோ முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 கிராம் காய்ந்த புல் தின்னும், மாதம் 6 முதல் 9 கிலோ. சிந்துவதையும் சேர்த்தால் 10 கிலோ கணக்கு வையுங்கள். இறக்குமதி டிமோத்தி புல்லைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. கொழுக்கட்டைப் புல்லோ கினியாப் புல்லோ பூ விடும் தருணத்தில் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, தண்டை மடக்கினால் ஒடியும் பதத்தில் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மண்வாசனையோ தூசியோ வந்தால் கொட்டிவிடுங்கள். வைக்கோலில் சத்து இல்லை, படுக்கைக்கு ஆகும்.

பெல்லட், அதாவது கடையில் விற்கும் குச்சித் தீவனம், முயலின் ஒரு கிலோ எடைக்கு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 7 கிலோ பிளெமிஷுக்கு 100 முதல் 150 கிராம் சரி. குட்டியைச் சீக்கிரம் பெரிதாக்க பெல்லட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. எடை வேகமாக ஏறும், எலும்பும் மூட்டும் கூடவே வர முடியாமல் கால் வளையும். ராட்சத இனம் மெதுவாக வளரட்டும்.

கீரை விஷயத்தில் நம் பக்கத்துத் தவறு, முருங்கை, அகத்தி, வேலிமசால், குதிரைமசால் இவற்றைக் கட்டுக் கட்டாகப் போடுவது. எல்லாம் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை. முயலின் உடம்பு அதிகப்படிச் சுண்ணாம்பை மூத்திரத்தில் வெளியேற்றும். வெள்ளையாக, சேறு போல மூத்திரம் காய்ந்திருந்தால் இவற்றை நிறுத்த வேண்டும். வளர்ந்த முயலுக்கு இதில் ஏதோ ஒன்று, ஒரு கைப்பிடி. மற்றபடி அருகம்புல், கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை மாற்றி மாற்றி. ஆட்டுக்குப் போடும் சவுண்டல் இலையை, அதாவது சுபாபுல்லை, முயலுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் முடியைக் கொட்டவைக்கும். வேலியோரத்து அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி வாயில் படவே கூடாது.

தண்ணீர் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வாக்கில் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். நிப்பிள் பாட்டிலில் சொட்டுச் சொட்டாக இந்த அளவு குடிப்பது கஷ்டம். கவிழாத மண்சட்டியோ பீங்கான் கிண்ணமோ வையுங்கள். வளர்ந்த பெண்ணுக்குத் தாடைக்குக் கீழே ஒரு தோல் மடிப்புத் தொங்கும். கிண்ணம் அகலமாக இருந்தால் அது நனைந்து புண்ணாகும், அதனால் வாய் குறுகிய சட்டி நல்லது.

மருத்துவரிடம் போகும் முன்

12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசரநிலை. குடல் நின்றுவிட்டது என்று அர்த்தம், நாளை பார்க்கலாம் என்று விட்டால் உயிர் போகும். புழுக்கை சின்னதாக, நீள முடியால் கோத்ததாக வருவதே முதல் எச்சரிக்கை.

நாய் பூனை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவமனையில் நீங்களே மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அமாக்ஸிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. குடலின் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, சில நாளில் முயல் செத்துவிடும். உண்ணிக்கு நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே முயலுக்கு விஷம். முயலுக்கு வாந்தி எடுக்க வராது, ஆகவே அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டியதில்லை, போட்டால் குடல்தான் நிற்கும். காதிலும் மூக்கிலும் வரும் சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசிதான் வழக்கம், 10 முதல் 14 நாள் கழித்து இன்னொன்று. டோஸ் எடைக் கணக்கு, அதனால் "பெரிய முயல், எட்டு கிலோ இருக்கும்" என்று உத்தேசமாகச் சொல்லாமல் காலையில் எடை போட்டுக்கொண்டு போங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், மருந்து வேலை செய்தால் தானே உதிரும்.

பெண் முயலுக்குக் கருப்பை எடுப்பது அவசியம். எடுக்காமல் நான்கு வயது தாண்டியவற்றில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். ராட்சத இனம் தாமதமாகப் பருவமடைவதால் ஏழெட்டு மாதத்துக்கு மேல் செய்யலாம். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

ஆயுள் 5 முதல் 8 வருடம், சின்ன இனங்களைவிடக் குறைவு. கடைசி வருடங்களில் மூட்டு தேய்ந்து, உடம்பை வளைத்துப் பின்பக்கம் சுத்தம் செய்ய முடியாமல் போகும். காலையும் மாலையும் வாலடியைப் பாருங்கள். மழைக்காலத்தில் அங்கே ஈரமும் புழுக்கையும் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஈரத்தைக் கண்டதுமே, புழு வைக்கும் முன், முடியைக் கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நன்றாகக் காயவைத்துவிட்டால் போதும்.