கவிழ்த்துப் பார்க்கிற வேலை

2023 டிசம்பரில் எங்கள் அலுவலக மின்னஞ்சல் பெட்டி பிதுங்கி வழிந்தது. காரணம், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பெண்மணி பழைய சாமான் கடையில் 3.99 டாலர் கொடுத்து வாங்கி வந்த ஒரு கண்ணாடி ஜாடி. ஏலத்தில் அது 1,07,100 டாலருக்குப் போயிருந்தது. கார்லோ ஸ்கார்ப்பா 1942 வாக்கில், வெனிஸை ஒட்டிய கண்ணாடித் தீவான முரானோவின் வெனினி பட்டறைக்காக வடிவமைத்த 'பென்னெல்லாத்தே' வரிசையைச் சேர்ந்தது. தூரிகையில் சாயம் தோய்த்து ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி, தெளிந்த கண்ணாடியில் நிறம் சுற்றி ஓடும். பெயரே அதுதான், தூரிகை இழுப்பு.

செய்தி வந்த மறுநாளிலிருந்து லண்டனில் யார் வீட்டு அலமாரியில் கலர் கண்ணாடி இருந்ததோ அத்தனை பேரும் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். ஒருவர் மெழுகுவத்தி எரிந்து முடிந்த கிண்ணத்தை அனுப்பியிருந்தார். அடியில் சூப்பர்மார்க்கெட் விலைச்சீட்டு அப்படியே இருந்தது. பதில் எழுதுவது என் பொறுப்பு. நான் வேலை பார்ப்பது ஒரு நடுத்தர ஏல நிறுவனத்தில், இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாடிப் பிரிவில். பிரிவு என்றால் நானும் வாரம் ஒருநாள் வரும் ஆலோசகரும்தான்.

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "அடியில் பெயர் எதுவும் இல்லை. அப்படியானால் மதிப்பு இல்லையா?" சிலர் வேறு மாதிரி: "அடியில் பெயர் இருக்கிறது. எத்தனை ஆயிரம் வரும்?" இரண்டாவது வகையினருக்குப் பதில் எழுதும்போதுதான் எனக்கு அதிகம் உறுத்தும். ஒரு காலத்தில் நானும் அடியை மட்டும் பார்த்த ஆள்.

இந்தத் தொழிலுக்கு நான் படித்து வரவில்லை. சாமான் தூக்கத்தான் சேர்ந்தேன். ஏல நிறுவனத்தில் அதற்குப் போர்ட்டர் என்று பெயர். எங்கள் தலைமைப் போர்ட்டர் யாழ்ப்பாணத்து அண்ணை, அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முதல் நாள் ஒரு பச்சை ஜாடியை விளிம்பில் பிடித்துத் தூக்கப் போனேன். "தம்பி, வாயில பிடிக்காதையும். அடியில ஒரு கை குடுத்துத் தூக்கும்" என்றார். அதோடு அந்த ஜாடியின் எஸ்டிமேட் விலையையும் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. "ஊரில எண்டா உதுக்குள்ள உப்புப் போட்டு வைச்சிருப்பினம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு வருடம் தூக்கி, துடைத்து, சுற்றி, பெட்டியில் வைத்ததில் கண்ணுக்கு முன்னால் கை பழகிவிட்டது. முரானோ சாமானும் செக் நாட்டுச் சாமானும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 1950, 60-களில் கிறிப்ஸ்கா ஆலையில் யோசெஃப் ஹொஸ்போட்கா வடிவமைத்த கிண்ணங்களை இன்றைக்கும் பாதிப் பேர் முரானோ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உருகிய பாகை இழுத்து விட்ட மாதிரி கொம்பு கொம்பாக இருப்பதால் அந்த மயக்கம். கேட்டலாக் எழுத என்னை மாற்றியபோது, இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்ததுதான் என் ஒரே தகுதி.

பிறகு கைக்குட்டை வந்தது.

கைக்குட்டையின் நடுவைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நான்கு முனையும் மடிப்பு மடிப்பாக விழும் அல்லவா, அதை அப்படியே நிமிர்த்தி வைத்ததுபோல் ஒரு ஜாடி. இத்தாலியில் 'ஃபாத்சொலெத்தோ' என்பார்கள். 1940-களின் கடைசியில் ஃபுல்வியோ பியான்கோனியும் பாவோலோ வெனினியும் சேர்ந்து கொண்டுவந்த வடிவம். ஊதிய குமிழைத் திறந்து அகல விரித்து, கம்பியோடு தலைகீழாகத் தொங்கவிட, கண்ணாடி தன் எடையிலேயே சரிந்து மடிகிறது. மடிப்பு எங்கே விழும் என்று யாரும் முழுதாகச் சொல்ல முடியாது. அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இராது.

உலகமே இதைக் காப்பியடித்தது. முரானோவிலேயே பக்கத்துப் பட்டறைகள் அடித்தன. இங்கிலாந்தில் சான்ஸ் சகோதரர்கள் நிறுவனம், 1851-இன் கிரிஸ்டல் பேலஸுக்குக் கண்ணாடி கொடுத்தவர்கள், ஜன்னல் கண்ணாடி போன்ற தட்டைத் தகட்டைச் சதுரமாக வெட்டி, சூட்டில் வளைத்துக் கைக்குட்டை செய்து விற்றார்கள். இங்கே பாட்டி வீடுகளில் மிட்டாய் போட்டு வைத்திருப்பது அதுதான். அதில் ஒன்றும் கேவலமில்லை. அது வேறு சாமான், அவ்வளவுதான்.

எனக்கு வந்தது, ஒரு வீட்டை மொத்தமாகக் காலி செய்ததில் கிடைத்த ஒன்று. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இழை ஓடிய, முழ உயரம் இல்லாத ஜாடி. கவிழ்த்தேன். அமிலத்தில் பொறித்த மூன்று வரி முத்திரை: வெனினி, முரானோ, இத்தாலியா. நான் வேறெதுவும் பார்க்கவில்லை. 'ஃபுல்வியோ பியான்கோனி, வெனினி, 1950 வாக்கில்' என்று எழுதி, எஸ்டிமேட் 600 முதல் 800 பவுண்ட் போட்டேன். விலையும் அதற்கு மேலேயே போனது. மூன்றாவது வாரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஒரே ஒரு வரிக் கடிதத்தோடு: முத்திரை புதிது.

ஆலோசகர் திட்டவில்லை. பத்து மடங்கு லென்ஸைக் கையில் கொடுத்து, ஜன்னல் ஓரம் உட்காரச் சொன்னார். அலமாரியில் எழுபது வருடம் நகர்த்தி நகர்த்தி வைத்த ஜாடியின் அடியில், தரையைத் தொடும் வளையத்தில் மட்டும், கீறல்கள் திசைக்கொன்றாக ஓடும். சில நீளம், சில குட்டை, ஒன்றன்மேல் ஒன்று. இதில் கீறல் எல்லாம் ஒரே பக்கமாக, சீப்பால் வாரியது போல் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலை. அதைவிட மோசம், முத்திரைக்குள் வந்த கீறல்கள் மங்கியிருந்தன. அதாவது கீறல் முதலில், முத்திரை பிறகு. நேர்மையான ஜாடியில் முத்திரைமேல்தான் கீறல் விழும். கடைசியாக அசல் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து மறு கையில் வைத்தார். அசல் மெலிசு, தூக்கும்போதே கை எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டது. என்னுடையது தடித்த விளிம்போடு பேசாமல் உட்கார்ந்திருந்தது. போர்ட்டராக இருந்திருந்தால் பெட்டியிலிருந்து எடுத்த கணமே கை சொல்லியிருக்கும். பேனா பிடிக்கத் தொடங்கியதும் கையை நம்பாமல் விட்டேன்.

அந்த மாதம் முழுக்கப் பழைய ஏலக் கேட்டலாக்குகளோடு உட்கார்ந்தேன். வெனினியின் சொந்த விற்பனைக் கேட்டலாக்குகள் இரண்டு, சிவப்பு என்றும் நீலம் என்றும் சேகரிப்பாளர்கள் பெயர் சொல்கிறவை, மறுபதிப்பு படங்களாகக் கிடைக்கும். வடிவத்துக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் தேடிப் பிடிப்பதில் உள்ள போதை எனக்குச் சீட்டாட்டத்தில்கூட வந்ததில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் ஊதுகுழலைத் தொடாதவர்கள். 1921-இல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் பாவோலோ வெனினி மிலானோ வக்கீல், ஜாகோமோ காப்பெல்லின் வெனிஸ் பழம்பொருள் வியாபாரி. ஸ்கார்ப்பா கட்டடக்கலை ஆள், அதற்கும் உரிமம் வாங்காமலே காலம் தள்ளியவர். பியான்கோனி பத்திரிகைப் படம் வரைகிறவர், வாசனைத் திரவியப் புட்டி வரையத்தான் முரானோவுக்கு வந்தார். அவுரேலியானோ தோசோ பட்டறையில் 'ஓரியந்தே' வரிசையைச் செய்த தீனோ மார்த்தென்ஸ் ஓவியர்; அந்தச் சாமான்களில் ஒரே குவளைக்குள் மஞ்சள் திட்டு, சிவப்புத் திட்டு, செப்புப்பொடி மினுமினுக்கும் அவென்சுரின், கூடவே சக்கரம்போல் ஒரு பூ என்று திருவிழாவே நடக்கும். கண்ணாடியைத் தெரியாதது அவர்களுக்குக் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன். இதைச் செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரியாது.

செய்தது யார்? இதைப் பார்க்கவே ஒரு பிப்ரவரியில் விடுப்புப் போட்டு முரானோ போனேன். வெனிஸின் ஃபொந்தாமெந்தே நோவேயிலிருந்து படகு. நடுவில் கல்லறைத் தீவு ஒன்று வருகிறது, அங்கேயும் நிறுத்தம் உண்டு. முரானோவில் இறங்கியதுமே ஆட்கள் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு நிமிடத்தில் கண்ணாடிக் குதிரை செய்து காட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். குதிரை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம்.

ஒரு சிறிய பட்டறையில் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர்கள் அன்று கண்ணாடிக் கம்பி இழுத்தார்கள். ஒருவன் உருகிய கட்டியை இரும்புக் கம்பி நுனியில் பிடிக்க, இன்னொருவன் மறுமுனையைப் பிடித்துப் பின்னாலேயே நடக்கிறான். கட்டி கயிறாகி, கயிறு நூலாகிறது. ஊர்த் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் கழியிலிருந்து வெள்ளையும் சிவப்புமாக இழுப்பாரே, அதே முறுக்கு. நூறு கம்பியை அடுக்கி, சூடேற்றி, குமிழின் மேல் சுருட்டி எடுத்தால் ஜாடி முழுக்க இழை ஓடும். சிறு சதுரங்களாக வெட்டிய நிறத் துண்டுகளை அப்படிச் சுருட்டினால் பியான்கோனியின் 'பெத்சாதோ'. நிறச் சேர்க்கைக்கு ஏற்ப பாரிஸ், இஸ்தான்புல், ஸ்டாக்ஹோம் என்று ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கவர்ந்தது பேச்சில்லாமை. மேஸ்திரி, அங்கே 'மாயெஸ்த்ரோ', பலகையில் உட்கார்ந்தபடி இடது உள்ளங்கையால் குழலை உருட்டிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தினால் கண்ணாடி தொங்கிவிடும். உதவியாள் குனிந்து குழலின் மறுமுனையில் ஊதுகிறான். எவ்வளவு ஊத வேண்டும் என்று மேஸ்திரி சொல்வது ஒரு முனகலில். பதம் தவறினால் சட்டென்று உலைக்குள் திரும்பக் காட்டுகிறார்கள். எல்லாம் முடிந்ததும் 500 டிகிரி அளவில் உள்ள அடுப்புக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் இரவில் தானாக வெடிக்கும். தீக்குப் பயந்துதான் 1291-இல் வெனிஸ் அரசு உலைகளை இந்தத் தீவுக்குத் தள்ளியது என்பார்கள். தொழில் ரகசியம் வெளியே போகாமல் அடைத்து வைக்கவும் அது தோதாகிப்போனது.

அன்று நின்ற இடத்திலிருந்து ஊர் திரும்பியதும், கேட்டலாக்கில் ஒரு வரி கூடுதலாக எழுத ஆரம்பித்தேன். தெரிந்த இடத்தில் மட்டும். ஸ்கார்ப்பா, பியான்கோனி காலத்தில் வெனினியில் ஊதியவர்களில் முதன்மையானவர் அர்த்தூரோ பியாசுத்தோ, 'போபோலி' என்று கூப்பிடுவார்கள். 1960-இல் வந்த அமெரிக்க இளைஞர் தாமஸ் ஸ்டெர்ன்ஸ் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ 'கெக்கோ' ஓங்காரோ. மற்ற மேஸ்திரிகள் இந்தப் பையனின் கிறுக்குத்தனத்துக்கு ஒத்துழைக்க விரும்பாத இடத்தில் கெக்கோ நின்றார். 1962 வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் ஸ்டெர்ன்ஸுக்குப் பரிசு என்று முடிவாகி, அவர் இத்தாலியர் அல்ல என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவருக்குப் பறிக்கப்பட்ட பரிசாவது கதையாக நிற்கிறது. கெக்கோவின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் வரியை அச்சுக்குப் போகும்போது வெட்டிவிட்டார்கள். இடம் போதவில்லை என்றார்கள். வடிவமைப்பாளர் பெயர் தடித்த எழுத்தில் இரண்டு இடத்தில் வந்திருந்தது. நான் சண்டை போட்டிருக்கலாம். கைக்குட்டை விவகாரம் நடந்து ஒரு வருடம்கூட ஆகாததால் வாயை மூடிக்கொண்டேன். இப்போது, சாமானின் நிலையைச் சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறேன், அதை வாங்குகிறவர் மட்டும்தான் படிப்பார்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். ஆர்க்கிமெதே செகூசோ, ஆல்ஃபிரேதோ பார்பினி போன்றவர்கள் தாங்களே மேஸ்திரிகள், தாங்களே வடிவமும் போட்டார்கள். செகூசோவின் 'மெர்லெத்தோ' ஜாடியில் கண்ணாடிக்குள் சரிகைப் பின்னல் மிதக்கும். வரைந்து காட்டி வாங்க முடியாத சாமான் அது. கை தானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டால், ஸ்கார்ப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள், வெனிஸில் சான் ஜோர்ஜோ தீவில் 'லே ஸ்தான்செ தெல் வேத்ரோ' கண்காட்சிக் கூடத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, காசு கொடுத்து வாங்குவதென்றால் பார்பினியைப் பாருங்கள் என்பேன். இது முழுக்க என் சொந்த ஓரவஞ்சனை.

என் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. தானமாக வந்த பழைய சாமான் விற்கும் தர்மக் கடையில் 6 பவுண்டுக்கு எடுத்த சாம்பல் கிண்ணம். சொம்மெர்சோ முறை, பச்சைக்குள் அம்பர், அதற்கு மேல் தெளிவு, அடுக்கடுக்காக. அடி மழமழவென்று தீட்டியிருக்கிறது, எழுத்து ஏதும் இல்லை. ஃப்ளாவியோ போலி என்ற முரானோ வடிவமைப்பாளரின் சாமானாக இருக்குமோ என்று முதல் வாரம் ஆசைப்பட்டு எல்லாப் புத்தகத்தையும் புரட்டினேன். இல்லை. அண்ணை ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் சாப்பிட வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்தார், அடியில் ஒரு கை கொடுத்துத்தான். "ஆர் செய்தது?" என்றார். தெரியாது அண்ணை என்றேன். விளிம்பில் சில்லு பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, தன் வீட்டுச் சாவியையும் பஸ் கார்டையும் அதற்குள் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.