கையெழுத்து இல்லாத ஒப்புதல்

உள்நாட்டுப் போரில் பொதுமக்களுக்கு நேரும் பாதிப்பைச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சொந்த ஊர் பென்னாகரம். தருமபுரி மாவட்டத்தில் அணைகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1990-ல் படகேறி வந்தவர்கள் அங்கே உண்டு. சின்ன வயதில் அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை.

உள்ளே போய்ப் பேச அனுமதி கிடைக்க நாலு மாதம் ஆனது. முதல் மனுவில் 'போர்க்குற்றம்' என்று எழுதியிருந்தேன், மேசையை விட்டு நகரவில்லை. 'பொதுமக்கள் பாதிப்பு' என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. இனி மனு எழுதுகிறவர்கள் முதலிலேயே கவனியுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒப்புதல் படிவம். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, பேசுகிறவரின் கையெழுத்து கேட்டது. திருகோணமலை அம்மா ஒருவர் பேசச் சம்மதித்தார், படிவத்தைத் தொடவில்லை. "கையெழுத்து மட்டும் கேக்காதேங்கோ பிள்ளை. வந்த நாள்ல இருந்து எத்தினை பேப்பர்ல வச்சிட்டன்." மறுபடி குழுவிடம் போய், வாய்மொழி ஒப்புதலே போதும், பெயருக்குப் பதில் எண் என்று திருத்தம் வாங்கி வந்தேன்.

குண்டு விழுந்த இடத்தை அந்த அம்மா விரலால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார்: வீடு, கிணறு, பங்கர் (பதுங்குகுழி). நான் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அங்கே ராணுவ இலக்கு ஏதும் இருந்ததா?

"பொடியள் ஒருக்கா வந்து கிணத்தில தண்ணி குடிச்சிட்டுப் போனவை."

பொடியள் என்றால் இயக்கப் பையன்கள், ஆயுதம் ஏந்தியவர்கள். அப்புறம் அவர் வெகுநேரம் பேசவில்லை. ரெக்கார்டரை அணைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனதால் ஒரு வீடு இலக்காகிவிடாது.

1990-க்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று நெறியாளர் கேட்டார். நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளிலும் பொதுவாக உள்ள 3-ஆம் பிரிவு கொலையைத் தடுக்கிறது, குண்டுவீச்சுக்கு விதி சொல்வதில்லை. அவற்றோடு உள்நாட்டுப் போருக்காகச் சேர்த்த 1977-ன் இரண்டாம் கூடுதல் நெறிமுறையில் இலங்கை சேரவில்லை. வழக்காற்றுச் சட்டம்தான், அதாவது ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும் நாடுகளின் வழக்கத்தால் கட்டுப்படுத்தும் சட்டம்தான் கைகொடுத்தது. தாடிச் என்பவர் மீதான வழக்கில், முன்னாள் யுகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு 1995 அக்டோபர் 2-ல், உள்நாட்டுப் போரிலும் பொதுமக்களைத் தாக்கக் கூடாது என்ற விதி உண்டு என்றது. அதற்கு எடுத்துக்காட்டிய ஆதாரங்களில் ஒன்று 1968-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 2444-ஆம் தீர்மானம். தீர்ப்பு பிந்தியது, ஆதாரம் முந்தியது. 1968-க்கும் 1990-க்கும் நடுவிலுள்ள அந்த 22 வருடத்தில்தான் என் மூன்றாம் அத்தியாயம் நிற்கிறது.

எழுதியதை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "முற்றத்தில விழேல்லை பிள்ளை, கிணத்தடியில" என்றார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.